இரக்கம் வேண்டா; இழப்பீடு வேண்டும்!

மதுரையிலிருந்து உசிலம்பட்டி, ஆண்டிபட்டி, தேனி வழியாகப் போடிநாயக்கனூர் வரை செல்லும் இருப்புப்பாதை 1928-ஆம் ஆண்டில் திறக்கப்பெற்றது. ஏறத்தாழ 56 கல் தொலைவு. ஏலமலையின் விளைச்சல் கீழிறங்கிச் சந்தைக்குச் செல்ல வேண்டும் என்பதே வெள்ளையன் நோக்கம். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் அப்பாதை நிறுத்தப்பெற்றது. 1954-இல் மீண்டும் வண்டி ஓடியது. 2010-ஆம் ஆண்டின் முடிவில், அகலப்பாதை ஆக்குவதற்காக மறுபடியும் நிறுத்தப்பெற்றது. பதினோராண்டுகளுக்கு மேற்பட்ட காத்திருப்பிற்குப் பின் 2022 மே 26-இல் தேனி வரையிலும், 2023 சூன் 15-இல் போடி வரையிலும் தொடர்வண்டி வந்து சேர்ந்தது.

பழனிசெட்டிபட்டி மக்களும், வீரபாண்டி, சின்னமனூர், கம்பம் மக்களும் மகிழ்ந்தனர். மகிழ்ந்ததில் தவறில்லை. கொடியசைத்தவர் பெயரும், மேடையில் வீற்றிருந்தவர் பெயரும் செய்தித்தாள்களில் வந்தன. ஆனால், தமிழ்மக்களே, ஒன்று கேட்கிறோம். ஆண்டிபட்டிக் கணவாயில் பாறை உடைத்தவன் பெயர் எந்தத் தாளில் வந்தது? நெருப்பாய்க் காயும் சித்திரை வெயிலில் சல்லி கொட்டியவன், தண்டவாளத்தைத் தோளில் ஏற்றியவன், குறுக்குக்கட்டையை இழுத்துப் போட்டவன் பெயர் எந்தக் கல்வெட்டில் பொறிக்கப்பெற்றது? அவருள் எவருக்கேனும் விரல் நசுங்கிற்றா, கால் முரிந்ததா, கண் போயிற்றா, போயிற்றெனில் அவருக்கு என்ன கொடுக்கப்பெற்றது என்று எந்த மேடையிலேனும் ஒரு வினா எழுந்ததா?

எழவில்லை என்பதில் வியப்பொன்றுமில்லை. உழைப்பவனுக்கு ஊறு நேர்ந்தால் அதனை ஊழ் என்பதும், அவன் கையில் நாலு தாளைத் திணித்து அனுப்புவதை இரக்கம் என்பதும் இந்நாட்டு வழக்கமாகிவிட்டன. இரண்டும் பொய். இருப்புப்பாதைப் பணியில் உறுப்பிழந்தவனுக்குச் சேர வேண்டியது இரக்கமன்று, கடன். கடன்பட்டவன் கொடுத்தே தீரவேண்டும். கொடுக்காவிடில் வட்டியும் தண்டமும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். இதனை நாம் சொல்லவில்லை, சட்டம் சொல்லுகிறது. அச்சட்டத்தை உழைப்பவன் அறியாதபடி வைத்திருப்பதே இங்கு நடக்கும் சூழ்ச்சி.

முதலில் வரலாற்றைக் காண்போம். செருமனியில் 1871-ஆம் ஆண்டிலேயே, இருப்புப்பாதையால் நேரும் சாவுக்கும் புண்ணுக்கும் இருப்புப்பாதை நடத்துவோரே பொறுப்பு என்று சட்டம் வந்தது. 1884-இல் தொழிலாளர்க்குக் கட்டாயக் காப்பீடும் வந்தது. இங்கிலாந்தில் 1897-ஆம் ஆண்டுச் சட்டம் தொடர்வண்டித் தொழிலாளர்க்கு இழப்பீட்டு உரிமையைத் தந்தது. அதே இங்கிலாந்துக்காரன் இங்கே என்ன செய்தான்? இராயபுரத்திலிருந்து தென்னாட்டின் முதல் வண்டி 1856 சூலை முதல் நாள் ஓடத் தொடங்கிற்று. இந்நாட்டுத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் 1923-இல் இயற்றப்பெற்று, 1924 சூலை முதல் நாளில்தான் நடைமுறைக்கு வந்தது. சரியாக அறுபத்தெட்டு ஆண்டுகள்! அந்த அறுபத்தெட்டு ஆண்டுகளும் மலையைக் குடைந்தவனும், ஆற்றுக்குப் பாலம் அமைத்தவனும், இரவில் விளக்கேந்தித் தடம் பார்த்து நடந்தவனும் செத்தால், "தவறு நிறுவனத்துடையது" என்று அவன் மனைவி அறமன்றமேறி மெய்ப்பிக்க வேண்டியிருந்தது. கூழுக்கு வழியற்றவள் எவ்வாறு மெய்ப்பிப்பாள்?

1923-ஆம் ஆண்டுச் சட்டம் அந்தச் சுமையை இறக்கி வைத்தது. வேலையின்போது, வேலையின் கரணியமாக நேர்ச்சி (விபத்து) உண்டானால் போதும். தவறு எவருடையது என்று மெய்ப்பிக்க வேண்டுவதில்லை. "அவனே விழிப்பில்லாமல் தண்டவாளத்தில் நின்றான்" என்று கங்காணி சொல்வதெல்லாம் விடையாகாது. குடிவெறி, வேண்டுமென்றே விதியை மீறல், காப்புக் கருவியை வேண்டுமென்றே கழற்றல் ஆகியவற்றை மட்டுமே முதலாளி மறுப்பாகக் காட்டலாம். அம்மறுப்பும் சாவுக்கும் முழுநிலை உறுப்புக்குறைக்கும் செல்லாது.

அடுத்து, ஒப்பந்தக்காரர் என்னும் திரை. இன்று இருப்புப்பாதைப் பணியில் பெரும்பகுதி ஒப்பந்தத்தில் நடக்கிறது. ஒப்பந்தக்காரருக்குக் கீழ் உள்ஒப்பந்தக்காரர், அவருக்குக் கீழ் கங்காணி, கங்காணிக்குக் கீழ் கூலியாள். கூலியாளுக்குக் கால் போனால் தொடர்வண்டித் துறை ஒப்பந்தக்காரரைக் காட்டும். ஒப்பந்தக்காரர் உள்ஒப்பந்தக்காரரைக் காட்டுவார். அவர் கங்காணியைக் காட்டுவார். கங்காணியின் கைப்பேசியோ அணைந்து கிடக்கும். ஆனால், சட்டத்தின் பன்னிரண்டாம் பிரிவு இத்திரையைக் கிழித்தெறிந்தது. தன் தொழிலின் பகுதியான வேலையை, தன் இடத்தில், ஒப்பந்தத்தில் விட்டவன், தானே நேரில் வேலைக்கு வைத்தவனைப் போலவே இழப்பீட்டுக்குப் பொறுப்பாவான். கொடுத்த தொகையைப் பின்னர் ஒப்பந்தக்காரரிடம் அவன் வாங்கிக்கொள்ளட்டும். அஃது அவர்களுக்குள் உள்ள கணக்கு. தண்டவாளம் போடுவது தொடர்வண்டித் துறையின் தொழிலன்றி வேறு எவருடைய தொழில்?

மூன்றாவது, கைந்நாட்டு வாங்கும் கள்ளம். சாவு நிகழ்ந்த வீட்டிற்கு இருவர் வருவர். பிணம் எடுக்குமுன் ஐம்பதினாயிரம், எழுபதினாயிரம் என்று பேசுவர். "இனி எங்களுக்கு எவ்வகைக் கோரிக்கையும் இல்லை" என்று எழுதிய தாளில் கைந்நாட்டுப் பெறுவர். அத்தாளுக்குச் சட்டத்தின் முன் ஓர் ஓலைத் துணுக்கின் மதிப்புமில்லை. இழப்பீட்டு உரிமையை விட்டுக்கொடுக்கும் எவ்வுடன்படிக்கையும் செல்லாது என்று பதினேழாம் பிரிவு கூறியது. சாவுக்குரிய இழப்பீட்டை ஆணையரிடமே செலுத்த வேண்டும். முன்பணமாக மூன்று திங்கட் கூலி அளவுக்குக் கொடுத்தது தவிர, நேரில் கொடுத்தது இழப்பீடு கொடுத்ததாகாது என்று எட்டாம் பிரிவு கூறியது. ஆகவே, கைந்நாட்டு வைத்துவிட்டோமே என்று கலங்கும் தாய்மாரே, கலங்காதீர்! நீங்கள் வைத்தது உங்கள் உரிமைக்கு முற்றுப்புள்ளியன்று.

நான்காவது, காலம். இழப்பீடு கடனாகும் நாளிலிருந்து ஒரு திங்களுக்குள் செலுத்தப்பெற வேண்டும். தவறினால் ஆண்டுக்கு நூற்றுக்குப் பன்னிரண்டு வட்டி. தக்க கரணியமின்றித் தவறியிருந்தால் தொகையில் பாதி வரை தண்டம். 1975-ஆம் ஆண்டில் உச்சநயன்மன்றம் தீர்த்த வழக்கொன்று இங்கு நினைக்கத்தக்கது. ஒடிய நாட்டில் திரையரங்கு ஒன்றில் வேலை செய்த தச்சர் ஒருவர் விழுந்து இடக்கையை முழங்கைக்கு மேல் இழந்தார். "ஒரு கை தானே போயிற்று, அரைகுறை இழப்புத்தான்" என்று முதலாளி வழக்காடினார். ஒற்றைக் கையால் தச்சு வேலை செய்ய இயலாது. ஆகவே இது முழுநிலை இழப்பே என்றது மன்றம். இழப்பீடு நேர்ச்சி நிகழ்ந்த அன்றே கடனாகிவிடுகிறது, ஆணையர் தீர்ப்புச் சொல்லும் நாளில் அன்று எனவும் உறுதி செய்தது. தச்சருக்குச் சொன்னது தண்டவாளம் தூக்குபவருக்கும் பொருந்தாதா? தோள் போன பின் அவன் எதைத் தூக்குவான்?

இவ்வளவு நல்ல சட்டம் இருக்க, குறை எங்கே என்று கேட்பீர்கள். முதற்குறை கணக்கில் இருக்கிறது. அதனைச் சற்றுப் பொறுமையாகக் காணுங்கள்.

சாவுக்கு இழப்பீடு என்பது திங்கட்கூலியில் பாதியை அகவைக்கேற்ற பெருக்கெண்ணால் பெருக்கி வரும் தொகை. முழுநிலை உறுப்புக்குறைக்குக் கூலியில் நூற்றுக்கு அறுபதை அவ்வாறே பெருக்க வேண்டும். முப்பது அகவையினனுக்குப் பெருக்கெண் 207.98. ஆனால் கூலி என்பது அவன் உண்மையில் வாங்கிய கூலியன்று. நடுவணரசு குறித்த வரம்பைத் தாண்டாத கூலி. அவ்வரம்பு 2010 மே 31 முதல் 8,000 உருபா. ஒன்பது ஆண்டுகளுக்கு மேல் அஃது அசையவேயில்லை. 2020 சனவரி 3-இல்தான் 15,000 ஆக்கப்பெற்றது.

இப்பொழுது பழனிசெட்டிபட்டிக் கூலியாளன் ஒருவனை எண்ணிக்கொள்வோம். அகவை முப்பது. திங்களுக்கு 15,000 உருபா ஈட்டுகிறான். 2020 சனவரி 2-இல் பணியிடத்தில் அவன் இறந்திருந்தால், 8,000-இல் பாதி 4,000. அதனைப் பெருக்கினால் 8,31,920 உருபா. மறுநாள் இறந்திருந்தால், 15,000-இல் பாதி 7,500. பெருக்கினால் 15,59,850 உருபா. ஓர் இரவு இடைவெளியில் 7,27,930 உருபா வேறுபாடு! அவன் மனைவி மறுநாள் இருமடங்கு அழுதாளா? அவன் பிள்ளைக்கு மறுநாள் இருமடங்கு பசித்ததா? போடிப் பாதையைப் பெயர்த்துப் புதிதாகப் போட்ட ஆண்டுகளில் பெரும்பகுதி அந்த 8,000 உருபா வரம்புக் காலமே என்பதைத் தேனி மாவட்டத்தார் மறக்கலாகாது. விலைவாசி ஏறிற்று; அரிசி விலை ஏறிற்று; அமைச்சர் சம்பளம் ஏறிற்று. செத்தவன் விலை மட்டும் ஏறவில்லை.

15,000 வரம்பும் ஏழைக்கு முழு நயன்மை ஆகாது. பாறை உடைப்பவன் திங்களுக்கு 18,000 வாங்கினால், முழுநிலை உறுப்புக்குறைக்கு அவனுக்குச் சேர வேண்டியது 22,46,184. வரம்பு வைத்துக் கணக்கிட்டால் 18,71,820. வேறுபாடாகிய 3,74,364 உருபாவை எவன் விழுங்கினான்? வரம்பு விழுங்கிற்று.

"இழப்பீட்டை உயர்த்தினால் பணிச் செலவு மிகும், பாதைகள் வாரா" என்பார் சிலர். நன்றாகக் கேளுங்கள். தண்டவாளத்தில் குனிந்து வேலை செய்வோர்க்கு, வண்டி வருவதைப் பார்த்துக் குரல் கொடுக்க ஓராளை நிறுத்த வேண்டும். அவனுக்குக் கூலி உண்டு. வண்டியை மெல்லச் செலுத்தச் சொல்ல வேண்டும். அதனால் நேரம் போகும். பாறைக்கு வெடிவைக்குமுன் ஆள்களை விலக்க வேண்டும். அதனால் வேலை தங்கும். இவையெல்லாம் செலவு. உயிர் மலிவாக இருக்கும் இடத்தில் இச்செலவுகளை எவன் செய்வான்? சாவின் விலை குறைந்தால் காப்பின் தேவையும் குறைந்துவிடும். எனவே, இழப்பீட்டை உயர்த்தக் கேட்பது செத்தவனுக்காக மட்டுமன்று. நாளைக்குச் சாகாமல் இருக்க வேண்டியவனுக்காகவும்தான்.

இரண்டாம் குறை, பெயரில்லாமை. இழப்பீடு பெற, வேலையில் இருந்தேன் என்பதற்குச் சான்று வேண்டும். கங்காணியின் சட்டைப்பையிலுள்ள குறிப்பேட்டில் "ஆள் 14" என்றிருந்தால், பதினான்காம் ஆள் எவன்? பெயரில்லாத் தொழிலாளிக்கு உலகம் என்ன கொடுக்கும் என்பதைத் தமிழினம் ஒருமுறை கண்டிருக்கிறது.

1942-43-இல் சப்பானியர், சயாமிலிருந்து பர்மாவுக்கு ஏறத்தாழ 260 கல் தொலைவு இருப்புப்பாதை அமைத்தனர். கூட்டணி நாடுகளின் போர்ச்சிறையாளர் ஏறத்தாழ 60,000 பேர் அதில் வேலை வாங்கப்பெற்றனர். 12,000 பேருக்கு மேல் மாண்டனர். ஆசியக் கூலிகளோ இரண்டு இலக்கம் பேரளவில் இழுத்துச் செல்லப்பெற்றனர். அவருள் மாண்டவர் 90,000 பேர் வரை இருக்கும் என்பது மதிப்பீடு. அவருள் பெருந்தொகையினர் மலேயாவின் தொய்வகத் (ரப்பர்) தோட்டங்களிலிருந்து கொண்டுசெல்லப்பெற்ற நம் தமிழர். வாந்திபேதியிலும் முறைக்காய்ச்சலிலும் அவர்கள் கொத்துக்கொத்தாக மடிந்தனர்.

போர் முடிந்தது. சிறையாளர்க்குப் பெயர்ப்பட்டி இருந்தது. ஆகவே பெயர் பொறித்த கல்லறையும் இருந்தது. 1951-ஆம் ஆண்டுச் சான்பிரான்சிசுகோ உடன்படிக்கையின் பதினாறாம் பிரிவு அவர்களுக்கு இழப்பீட்டுக்கு வழி செய்தது. 2000-ஆம் ஆண்டில் பிரித்தானிய அரசு, உயிரோடிருந்த தன் பழைய சிறையாளர் ஒவ்வொருவர்க்கும் பதினாயிரம் பவுன் தருவதாக அறிவித்தது. தமிழனுக்கு என்ன கிடைத்தது? 1952-இல் இந்திய அரசு சப்பானோடு தனியுடன்படிக்கை செய்து, போரிழப்பீட்டுக் கோரிக்கைகளைக் கைவிட்டது. 1967-இல் மலேசிய அரசு இரண்டரைக் கோடி மலேசிய வெள்ளி மதிப்புக்கு உடன்பட்டது; அதற்கு வந்தவை கப்பல்கள். தண்டவாளத்தடியில் புதைந்தவன் மனைவி கப்பலை வைத்துக்கொண்டு என்ன செய்வாள்? பெயர்ப்பட்டி இல்லை, கேட்பதற்கு நாடில்லை, ஆகவே ஒரு காசுமில்லை. அஃது அயலான் போர்க்காலத்தில் செய்த கொடுமை. அமைதிக்காலத்தில், நம் சொந்த மண்ணில், குடியரசுச் சட்டத்தின் கீழ், இன்னும் "ஆள் 14" என்றே எழுதுவதற்கு என்ன பெயரிடுவது?

மூன்றாம் குறை, மொழி. இதனைச் சொன்னால் "இவர்களுக்கு எங்கும் மொழிதானா?" என்று நகைப்பர். நகைப்போர் சட்டத்தைப் படிக்கட்டும். 2017-இல் இச்சட்டத்தில் ஒரு பிரிவு சேர்க்கப்பெற்றது. வேலைக்கு அமர்த்தும்போதே, இழப்பீட்டு உரிமையைத் தொழிலாளிக்கு எழுத்து வடிவில் அறிவிக்க வேண்டும். ஆங்கிலத்திலோ இந்தியிலோ, அல்லது வேலை நடக்கும் பகுதியின் ஆட்சிமொழியிலோ, அவனுக்கு விளங்கும் மொழியில் அறிவிக்க வேண்டும் என்பது அப்பிரிவு. தவறினால் 50,000 உருபாவுக்குக் குறையாத தண்டமும் அச்சட்டத்தில் இருந்தது. தேனி மாவட்டத்தின் ஆட்சிமொழி எது? தமிழ். அவ்வாறு தமிழில் எழுதிய அறிவிப்புத் தாளை வாங்கிய இருப்புப்பாதைக் கூலியாளர் எத்துணைப் பேர் என்று உங்கள் ஊரிலேயே கேட்டுப் பாருங்கள்! வடபுலத்திலிருந்து பிழைக்க வந்தவன் நம்மோடு சல்லி சுமந்தால், அவனுக்கு அவன் மொழியில் அறிவிக்க வேண்டும் என்பதும் நம் கோரிக்கையே. உழைப்பவன் எவனாயினும் தன் உரிமையைத் தன் மொழியில் அறிய வேண்டும்.

இப்பொழுது புதுச் செய்தி. 1923-ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தில் 2020-ஆம் ஆண்டுக் குமுகக் காப்புத் தொகுப்புச் சட்டம் 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ளது. பிரிவுகளின் எண்கள் மாறிவிட்டன. ஆனால் பழைய சட்டத்தின் அடிப்படைகள் அதில் தொடர்கின்றன: வேலையால் நேர்ந்த ஊறுபாட்டுக்கு முதலாளி பொறுப்பு; ஒப்பந்தத்தில் விட்டவனும் பொறுப்பு; தொழிலாளிக்கு விளங்கும் மொழியில் உரிமையை அறிவிக்கும் கடமை. கூலி வரம்பைக் குறிக்கும் கைக்கோலும் நடுவணரசின் கையிலேயே தொடர்கிறது. எண் மாறியதைக் காட்டி, "அந்தச் சட்டமே போய்விட்டது, இனி உனக்கு ஒன்றுமில்லை" என்று ஏய்ப்பவர் வருவர். அவரிடம் ஏமாறாதீர்!

ஆகவே நாம் வேண்டுவன இவை. ஒவ்வொரு பணியிடத்திலும் ஒவ்வொரு தொழிலாளியின் பெயரும் ஊரும் கூலியும் நாள்தோறும் பதிவேட்டில் ஏற வேண்டும். அதன் படி தொடர்வண்டித் துறையிடம் இருக்க வேண்டும். கூலி வரம்பு நீக்கப்பெற வேண்டும். நீக்கும் வரை ஆண்டுதோறும் விலைவாசிக்கேற்ப உயர்த்தப்பெற வேண்டும். உரிமை அறிவிப்புத் தமிழில் அச்சிட்டுத் தரப்பெற வேண்டும். அதனைத் தராத ஒப்பந்தக்காரருக்குப் பணத்தீர்வு செய்யலாகாது.

அரசு செய்யும் வரை நாம் வாளாவிருக்கலாமா? பழனிசெட்டிபட்டி இளைஞரே, உங்கள் தெருவிலிருந்து இருப்புப்பாதை வேலைக்குச் செல்வோரின் பெயரையும், ஒப்பந்தக்காரர் பெயரையும், வேலையிடத்தையும், கூலியையும் ஓர் ஏட்டில் எழுதி வையுங்கள். நேர்ச்சி நிகழ்ந்தால் உடனே எழுத்தில் அறிவியுங்கள். காவல்நிலையக் குறிப்பும் மருத்துவமனைச் சீட்டும் கையைவிட்டுப் போகாமல் பாருங்கள். மருத்துவச் செலவு முழுவதும் முதலாளியுடையதே. சீட்டில்லாவிடில் அதுவும் போகும். வெற்றுத்தாளில் கைந்நாட்டு வைக்க விடாதீர்கள். காலந்தாழ்த்தாது கோரிக்கையை எழுதிக் கொடுங்கள். வேலையிடம் ஆயிரங்கல்லுக்கு அப்பால் இருந்தாலும், குடும்பம் வாழும் இடத்திலேயே கோரிக்கை கொடுக்க 1995-ஆம் ஆண்டுத் திருத்தமே வழி செய்தது.

எழுதத் தெரிந்த ஒருவன் எழுதத் தெரியாத பத்துப் பேருக்காக அரைமணி நேரம் செலவிட்டால், "ஆள் 14" என்பவனுக்குப் பெயர் கிடைக்கும். பெயர் கிடைத்தால் உரிமை கிடைக்கும். சயாம் காட்டில் புதைந்தவர்க்கு நம்மால் அதனைச் செய்ய இயலவில்லை. தேனித் தண்டவாளத்தில் இன்று நிற்பவர்க்குச் செய்ய இயலும்; செய்தே ஆகவேண்டும்!